நாற்பத்து மூன்று அங்குலச் சம்பந்தி

டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இருக்காது. அந்த இடைவெளியைக் கடக்க வழி தெரியாமல்தான் சம்பத் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஒரு எடத்துல குந்துயா. உன்ன பாத்து பாத்து எனுக்கு தல சுத்துது" என்றாள் அவர் மனைவி செங்கம்மா.

அவர் உட்காரவில்லை. உட்காருவது அவருக்கு வராது. சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் அவர் பொறுப்பு. டின், மூடி, லேபிள் எதுவாக இருந்தாலும் அடுத்த மாதத்துக்கு வேண்டியதை இந்த மாதமே வாங்கி அடுக்கிவிடுவார். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். இட்லிப் பானையின் மூடியை நாலு தடவை திறந்து பார்க்கிற மனிதர் என்பதால் அந்த வீட்டில் இட்லி ஒழுங்காக வெந்த நாள் குறைவு.

இந்தத் தடவை படபடப்புக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மகள் நளினியைப் பெண் பார்க்கிறார்கள், வீடியோவில். மாப்பிள்ளை தரணிக்குச் சிங்கப்பூரில் வேலை. அவன் அப்பா அம்மா இருப்பது திருப்பதியில். முதலில் மூன்று ஊர்க்காரர்களும் திரையில் பார்த்துப் பேசிக்கொள்வது, ஒத்துவந்தால் நேரில் வருவது என்று தரகர் ரத்னம்மா ஏற்பாடு செய்திருந்தார்.

நளினி பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அதுவரை வந்த வரன்களில் பாதியைப் போட்டோவிலும் மீதியைப் போனிலும் தள்ளிவிட்டவள். தரணியோடு மட்டும் இரண்டு தடவை பேசிவிட்டு, "பரவால்ல நைனா, மனுசனா பேசறாரு" என்றாள். சம்பத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் அவள் ஒரு நிபந்தனையும் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கார் கேட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். "என்ன ஏத்திக்கினு போறதுக்கு என் அப்பன் வண்டி வாங்கித் தரணுமா? கேட்டாங்கன்னா அப்பவே எழுந்து போயிடுவேன்" என்றாள். செய்யக்கூடியவள்தான். சம்பத்துக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. காருக்காக விற்க அவரிடம் கங்காதர நெல்லூரில் ஒரு துண்டு மாந்தோப்பைத் தவிர வேறெதுவும் கிடையாது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை தெரியவேண்டியது ஒன்றுதான். கார் கேட்பார்களா, மாட்டார்களா.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் பெரிய திரை வேண்டுமென்று சம்பத் முடிவு செய்திருந்தார். போன தை மாதம் பலமனேரிலிருந்து ஓர் இடம் வந்தபோது போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துப் பேசினார்கள். எதிர்ப்பக்கம் ஏழெட்டுப் பேர், ஒவ்வொரு தலையும் மிளகளவு. கார் தர முடியாது என்று சம்பத் சொன்னதும் மாப்பிள்ளையின் அம்மா முகத்தைச் சுளித்தார். சம்பத் அதைப் புன்னகை என்று எடுத்துக்கொண்டார். நகரியிலும் புத்தூரிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு நிச்சயமாகிவிட்டது என்று சொல்லி, தொழிற்சாலையில் மைசூர்பாகும் கொடுத்துவிட்டார். பலமனேர்க்காரர்கள் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அவர் ஸ்டோர்ஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

"மூஞ்சி பெருசா தெரிஞ்சாதான் மனசு தெரியும்" என்பது அதிலிருந்து அவர் கற்ற பாடம்.

கூடத்தில் நாற்பத்து மூன்று அங்குல டிவி இருக்கிறது. ஸ்மார்ட் டிவியாக வாங்கியதுதான். பக்கத்துத் தென்னைமரத்தில் இடி விழுந்த அன்று அதன் புத்தி மட்டும் போய்விட்டது, படம் வரும். போனோடு பேச மறுத்துவிட்டதால் கம்ப்யூட்டரோடு சேர்க்கலாம் என்று யோசனை. நளினி படிக்கும் காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஒல்லியான பெட்டி, சின்னத் திரை.

இரண்டையும் சேர்க்க கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று சொன்னவர் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கும் மோகன்ராஜ். அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. தெரிந்ததைச் சரியாகச் செய்வார் என்று மட்டும் சொல்ல முடியாது.

புதன்கிழமை மாலை கம்ப்யூட்டருக்கு கேமரா மாட்ட வந்த சீனுவிடம் சம்பத் இதைக் கேட்டார். காந்தி ரோடு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் சீனு. தாய்மொழி தெலுங்கு. தமிழ் பேசும் வீட்டுக்குப் போனால் தமிழில்தான் பேசுவது என்று கொள்கை வைத்திருந்தார், தன் தமிழைப் பற்றி அவருக்கு உயர்ந்த அபிப்பிராயமும் இருந்தது.

"டிவில தெரியறதுக்கு ஒரு கார்டு போடணுமாமே சீனு?"

சீனு பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"கார்டு அவசரம் இல்ல சார். நான் சனிக்கிழம வந்து செட் பண்ணிட்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அதிலிருந்துதான் சம்பத் நடக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்ப்பு, சனிக்கிழமை வரைக்கும் அவசரம் இல்லையாம்.

"அவருக்கு இன்னா அவசரம் கீது? பொண்ணு யாரு ஊட்டு பொண்ணு?" என்று செங்கம்மாவிடம் பொரிந்தார்.

வரேன் என்றவர் வருவார், தொழில் தெரிந்தவர் என்றாள் செங்கம்மா. சம்பத்துக்கு அது காதில் ஏறவில்லை. மறுநாள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

கடையில் சுஷ்மிதா என்ற பெண் கவுன்டரில் இருந்தாள். கிராபிக்ஸ் கார்டு என்றதும் கேமிங்குக்கா, எடிட்டிங்குக்கா என்று கேட்டாள்.

"மாப்பிள்ள பாக்கறதுக்கு."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "எத்தன வேணும் சார், நாலா, எட்டா?"

அவள் கேட்டது ஜிபி. சம்பத் விரல்விட்டு எண்ணினார். மாப்பிள்ளை, அப்பா, அம்மா, கூட யாராவது சித்தப்பா. நாலு போதும் என்றார். பிறகு சித்தப்பா வந்தால் சித்தி வராமல் இருப்பாளா என்று தோன்றியதால் எட்டாகவே கொடுக்கச் சொல்லிவிட்டார்.

செங்கல் அளவுக்கு ஒரு கார்டு வந்தது, இரண்டு மின்விசிறிகளோடு. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தார். நேராகப் போகவில்லை, சாய்த்தால் போகவில்லை, தலைகீழாகவும் போகவில்லை. பெட்டி ஒல்லி, கார்டு குண்டு. முழங்காலால் அழுத்தப் போனவரைச் செங்கம்மா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சாயங்காலம் மோகன்ராஜ் வந்தார். பார்த்தவுடன், குறை கார்டில் இல்லை, பெட்டியில் என்றார். பெட்டியை மாற்றிவிட்டால் தீர்ந்தது. சம்பத் மறுபடி கடைக்கு ஓடினார். உறை பிரித்த கார்டைத் திரும்ப எடுக்க மாட்டோம், பெட்டி வேண்டுமானால் தருகிறோம் என்றாள் சுஷ்மிதா. விளையாட்டுப் பிள்ளைகள் வாங்கும் ரகம் மட்டும்தான் கடையில் இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சுற்றிச் சுற்றி ஓடும் விளக்குகள். விளக்கை அணைக்க வழி உண்டா என்று கேட்டார் சம்பத். எல்லோரும் விளக்குக்காகத்தான் இதை வாங்குகிறார்கள் என்று பதில் வந்தது.

மோகன்ராஜ் பழைய பெட்டியின் குடலை உருவிப் புதிய பெட்டியில் வைத்தார். கார்டும் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் கூடம் முழுக்க மூன்று நிறத்தில் சுழன்றது.

"இன்னாயா இது, கெங்கம்மா ஜாத்திரைக்கு லைட்டு போட்டா மாதிரி கீது" என்றாள் செங்கம்மா.

மின்விசிறிகள் பெரிதாக இரைந்தன. பிறகு எல்லாம் அணைந்துவிட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி இரைந்தது, மறுபடி அணைந்தது. இந்தக் கார்டு தின்னும் கரண்டைக் கொடுக்கப் பழைய பவர் சப்ளைக்குத் தெம்பு இல்லை என்று மோகன்ராஜ் கண்டுபிடித்துச் சொன்னார். கொஞ்சமாகத் தின்னும் சின்னக் கார்டாக மாற்றிக்கொள்ளலாம், திருப்பதியில் பழையதை எடுத்துக்கொண்டு மாற்றித் தரும் கடை இருக்கிறது என்றார். முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று செங்கம்மா கேட்டதற்கு, முதலில் கேட்கவில்லையே என்று பதில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை முழு நாள் லீவு. கார்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சம்பத் திருப்பதி பஸ்ஸில் போனார். கடைக்காரர் செங்கல்லை வாங்கிவைத்துக்கொண்டு உள்ளங்கை அளவு கார்டு ஒன்றைக் கொடுத்தார். இது டிவியில் தெரியுமா என்று கேட்டார் சம்பத். நாலு டிவியில் ஒரே சமயத்தில் தெரியும் என்றார் கடைக்காரர். ஒரு டிவிக்கு வழியில்லாமல் வந்தவருக்கு நாலு டிவி என்றதும் மனம் நிறைந்துவிட்டது, மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அத்தோடு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் ரத்னம்மா கொடுத்திருந்த மாப்பிள்ளை வீட்டு விலாசம் அடுத்த தெருவில்தான் என்பது ஞாபகம் வந்தது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. கர்சீப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டு அந்த வீட்டைக் கடந்து போனார்.

வாசலில் கார் ஷெட் ஒன்று இருந்தது. உள்ளே கார் இல்லை.

சம்பத் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார். ஷெட் துப்புரவாகப் பெருக்கப்பட்டு, காலியாக இருந்தது. இதற்கு என்ன அர்த்தம்? கார் தேவையில்லை என்று இருக்கிறார்களா, கார் வரும் என்று பெருக்கி வைத்திருக்கிறார்களா? மூன்றாவது தடவை கடந்தபோது எதிர்வீட்டு அம்மாள், யாரைத் தேடுகிறீர்கள் என்று தெலுங்கில் கேட்டுவிட்டாள். இங்கே பத்மாவதி என்று யாராவது இருக்கிறார்களா என்று வாய்க்கு வந்த பெயரைச் சொன்னார். நான்தான் பத்மாவதி என்றாள் அவள். சம்பத் அதன்பிறகு பஸ் ஸ்டாண்டு வரை நிற்காமல் நடந்தார்.

சித்தூர் வந்து சேர்ந்ததும் மோகன்ராஜ் சின்னக் கார்டை மாட்டினார். சுவிட்சைப் போட்டார்கள். விளக்கு சுழன்றது, விசிறி அடக்கமாக ஓடியது, அணையவில்லை. சம்பத் கைகூப்பினார். பிறகு டிவி வயரை எடுத்துக் கார்டில் செருகப் போனார்கள். நாலு ஓட்டைகள் இருந்தன. நாலும் சின்ன ஓட்டைகள், வயரின் முனை ஒன்றிலும் நுழையவில்லை.

சரி, பழைய சின்னத் திரையிலாவது பார்ப்போம் என்று திரும்பினால் அதுவும் இருட்டாக இருந்தது. கார்டு போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் படத்தையெல்லாம் கார்டு வழியாகத்தான் அனுப்பும் என்று விளக்கினார் மோகன்ராஜ். சின்னத் திரையின் வயரையும் அந்தச் சின்ன ஓட்டையில் மாட்ட முடியாது. இடையில் போட ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் செவ்வாய்க்கிழமை வரும்.

"செவ்வாக்கெழம வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார் சம்பத்.

கார்டைக் கழற்றிவிட்டால் பழைய நிலைக்காவது வரும் என்று மோகன்ராஜ் அதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஒரு ஸ்க்ரூ கழன்று உள்ளே விழுந்தது. ஸ்க்ரூவை எடுக்கப் பெட்டியைத் தூக்கிக் குலுக்கினார்கள். ஸ்க்ரூ வரவில்லை, வேறேதோ அசைந்துவிட்டது. அதன்பிறகு சுவிட்சைப் போட்டால் பெட்டி மூன்று தடவை பீப் என்று கத்தியது. விளக்கு மட்டும் முன்போலவே சுழன்றது. மோகன்ராஜ் வீட்டில் விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் நளினி பெங்களூரிலிருந்து வந்தாள். கூடத்துத் தரையில் அப்பா படுத்தவாக்கில் பெட்டிக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன.

"நைனா, கல்யாணத்துக்கு இப்பவே டிஜே புடிச்சிட்டியா?"

பீப், பீப், பீப் என்றது பெட்டி.

நடந்ததைச் செங்கம்மா சொல்லச் சொல்ல நளினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பத்மாவதி விஷயத்தைச் சம்பத் வீட்டில் சொல்லவே இல்லை. போனிலேயே பேசிவிடலாம் என்றாள் நளினி. சம்பத் எழுந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் தூசி.

"பலமனேர்க்காரங்க மூஞ்சி சரியா தெரியாம போயி உன் பேரு நாலு ஊட்டுல சிரிப்பா சிரிச்சிது. இன்னொரு வாட்டி அப்டி ஆவக்கூடாதுமா. இந்தப் பையன உனுக்குப் புடிச்சிகீது. நான் பாத்து தெரிஞ்சிக்கணும்."

நளினியின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டையைத் தட்டிவிட்டாள். அப்பாவின் மேல் அவளுக்கு அந்த நிமிஷம் அளவில்லாத பிரியம் வந்தது. அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் இருப்பதை நினைத்து பயமாகவும் இருந்தது.

சொன்னபடி சாயங்காலம் சீனு வந்தார். கையில் பை இல்லை, பெட்டி இல்லை. சட்டைப் பையில் ஒரு கேபிள் மட்டும் சுருட்டி வைத்திருந்தார். கூடத்துக்குள் கால் வைத்தவர் விளக்குகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏமைந்தி சார்? என்ன ஆச்சி?"

சீனு பெட்டியைத் திறந்தார். கொக்கியை விடுவித்துக் கார்டைக் கழற்றினார். உள்ளே அசைந்திருந்த எதையோ கட்டைவிரலால் அழுத்தினார், பீப் நின்றது. பிறகு பின்பக்கம் கறுப்பாக இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கினார். வாங்கிய நாளிலிருந்து யாரும் கழற்றாத தூசி மூடி அது. உள்ளே டிவி வயருக்கென்றே ஒரு துளை இருந்தது. சட்டைப் பையிலிருந்த கேபிளின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை டிவியிலும் செருகினார். டிவியில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

"கார்டு எதுக்கு சார் வாங்கினீங்க?" என்றார் சீனு. "நான் அன்னிக்கே சொன்னேன் கதா, கார்டு அவசரம் இல்லன்னு."

"அவசரம் இல்லன்னுதான் சொன்ன. வாணாம்னு சொன்னியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"எப்டிபா ஒண்ணாவும்?"

சீனு குழம்பிப்போய் நளினியைப் பார்த்தார். நளினிக்குத்தான் முதலில் விளங்கியது. தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நைனா, அவரு தமிழ்ல தெலுங்கு அவசரத்த சொல்லிகீறாரு."

தமிழில் அவசரம் என்றால் உடனே வேண்டியது. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. 'கார்டு அவசரம் லேது' என்றால் கார்டு தேவையில்லை என்று அர்த்தம். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்து, ரேஷன் கடையிலும் மண்டல் ஆபீஸிலும் தெலுங்கிலேயே சண்டை போட்டு வளர்ந்தவர் சம்பத். சீனு அதைத் தெலுங்கில் சொல்லியிருந்தால் அந்த நொடியே புரிந்துகொண்டிருப்பார். தமிழ் வீடாயிற்றே என்ற மரியாதைக்காக சீனு வாக்கியத்தைத் தமிழாக்கினார். அந்த ஒரு வார்த்தை மட்டும் தெலுங்காகவே நின்றுவிட்டது.

"சித்தூர், திருப்பதி பூரா இப்டிதான் சார் பேசறோம். எங்க தமிழ்ல அவசரம் இல்லன்னா வேணாம்னுதான் அர்த்தம்" என்றார் சீனு. தன் தமிழில் குறை இருப்பதாக அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. சின்னக் கார்டைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். போகும்போது ஜாத்திரை விளக்கின் வயரையும் பிடுங்கிவிட்டுப் போனார்.

சம்பத் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் அத்தனை நேரம் உட்கார்ந்து செங்கம்மா பார்த்ததில்லை.

"இனிமே இந்த ஜில்லாவுல எவனா அவசரம்னு சொன்னா, எந்த அவசரம்னு கேட்டுட்டுதான் மறுவேல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கேமரா டிவியின் தலையில் உட்கார்ந்திருந்தது. நளினி மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள், தொழிற்சாலை ஞாபகத்தில் சம்பத் எடுத்துக் கொடுத்த நிறம். பத்து மணிக்குத் திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் சிங்கப்பூரில் தரணி. மறு பாதியில் திருப்பதியில் அவன் அப்பாவும் அம்மாவும்.

மாப்பிள்ளையின் அப்பா இரண்டு கைகளையும் குவித்து, "நமஸ்காரமண்டி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சம்பத்துக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே மனிதர் பிடித்துப்போனார். நம்ம பக்கத்து ஆள், நம்மைப்போலவே இரண்டையும் கலந்து பேசுகிறவர். பேங்க் மேனேஜர் என்பதால் மற்றபடி பேச்சு திருத்தமாக இருந்தது. பட்ட பாடு வீண் போகவில்லை, ஒவ்வொரு முகமும் தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியில் இருந்த விரல் ரேகையைக்கூட சம்பத்தால் பார்க்க முடிந்தது.

படிப்பு, வேலை, சாப்பாடு, வெயில் என்று பேச்சு நன்றாகவே போயிற்று. நளினியும் தரணியும் பேசியபோது பெரியவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஓர் அமைதி விழுந்தது. கேட்பதாக இருந்தால் இப்போதுதான் கேட்க வேண்டும்.

அந்தப் பக்கம் யாரும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் கேட்காமலே முடிந்திருக்கும். ஆனால் இட்லிப் பானை மூடியைத் திறக்கிற கை அது. செங்கம்மா தொடையைக் கிள்ளியும் நிற்கவில்லை.

"ஒண்ணு நேராவே கேட்டுட்றேன். காரு விசயத்துல உங்களுக்கு இன்னா எண்ணம்?"

நளினி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானை நுனி அவள் கையில் கசங்கியது. மாப்பிள்ளையின் அப்பா மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தார். பிறகு அவர் நிதானமாகச் சிரித்து, கையை வீசினார்.

"காரெல்லாம் அவசரமில்லைங்க."

சம்பத் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தார். நெற்றியில் சுருக்கமில்லை, உதட்டில் கோணல் இல்லை. கண் வரைக்கும் போன சிரிப்பு. இது பலமனேர்ச் சிரிப்பு இல்லை. வெள்ளிக்கிழமை கேட்டிருந்தால் இந்த வார்த்தை அவரைக் கொன்றிருக்கும். இப்போது அவருக்கு விஷயம் தெரியும். நளினியைப் பார்த்தார். அவளுக்கும் தெரியும், முகம் மலர்ந்து தலையசைத்தாள். செங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தரணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அதற்குள் சிங்கப்பூர் லைன் உறைந்துவிட்டதால் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டான்.

சம்பத் எழுந்து நின்று கும்பிட்டார். "இந்தக் காலத்துல எவரு இப்டி சொல்றாங்க. உங்க வார்த்தய நாங்க மறக்கமாட்டோம். நீங்களும் மறக்கக்கூடாது."

"நாங்க எங்கங்க மறக்கப் போறோம்" என்று அவர் மனம்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரமே நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று சம்பத்தே சொன்னார், அவர்களும் சரி என்றார்கள். டிவியை அணைப்பதற்கு முன்பே நகரிக்கும் புத்தூருக்கும் செய்தி பறந்தது. இந்தத் தடவை முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். மோகன்ராஜுக்கும் சொல்லி, நாளைக்கு மைசூர்பாகு கொண்டுவருவதாகவும் வாக்குக் கொடுத்தார். நளினி தரணிக்கு மெசேஜ் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு வெட்கத்தைச் செங்கம்மா அதுவரை பார்த்ததில்லை.

கடைசியாக ரத்னம்மாவைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார் சம்பத். கார்டு வாங்கிய கதை, சீனுவின் தமிழ், நமஸ்காரம், சிரிப்பு என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"'காரெல்லாம் அவசரமில்ல'ன்னாரு ரத்னம்மாக்கா. வேற எவனாவது இருந்தா, இப்ப அவசரமில்ல, அப்புறமா வாங்கிக்கலாம்னு சொல்றாருன்னு தப்பா நெனச்சிக்கினு இருப்பான். எனுக்குத் தெரியாதா? திருப்பதி மனுசன், திருப்பதிப் பேச்சு."

ரத்னம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"அவங்க மன்னார்குடிக்காரங்க தம்பி, வேல மாத்தலாயி இப்பதான் திருப்பதிக்கு வந்துகீறாங்க, அந்த நமஸ்காரமண்டியே நான் சொல்லிக்குடுத்தது, அத வுட்டா அவங்களுக்குத் தெலுங்குல ஒரு வார்த்த தெரியாது."